மகன் கம்பெனிக்காக இங்கிலீஷ் படிக்கும் பட்டறைக்காரர்! ஒரே சொல்லில் ஒரு கோடி வித்தியாசம்

அம்பத்தூரில் லேத் பட்டறை நடத்தும் 61 வயதுக்காரர் ஒருவர், இரவு சாப்பாடு முடிந்ததும் நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுகிறார். எதிரே என்ஜினீயரிங் படித்த மகன். மகன் வாத்தியார், அப்பா மாணவர்!

என்ன பாடம் தெரியுமா? "ஸ்டார்ட்-அப்" இங்கிலீஷ்.

மகன் 2 ஆண்டுகளுக்கு முன்பு நண்பனுடன் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார். எந்தப் பட்டறையில் எந்த மெஷின் சும்மா நிற்கிறது, யாருக்கு அவசர வேலை இருக்கிறது என்று செல்போனிலேயே காட்டும் தொழில். முதல் போட்டவர் அப்பாதான். ஊரில் இருந்த நிலத்தை விற்று 15 லட்ச ரூபாய் கொடுத்தார்.

இப்போது வெளியார் ஒருவர் ஒரு கோடி ரூபாய் போட முன்வந்திருக்கிறார். வீட்டில் பாயசம்கூட வைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் 9 பக்க இங்கிலீஷ் காகிதம் வந்து சேர்ந்தது.

"எழுத்துக் கூட்டிப் படிச்சிடுறேன். அர்த்தம்தான் பிடிபடலை. நிலத்தை வித்த காசுங்க. புரியாம எப்படி விடுறது?" என்கிறார் அப்பா.

தேவதையும் குதிரையும்

அவருடைய நோட்டை வாங்கிப் புரட்டினோம். இடது பக்கம் இங்கிலீஷ் சொல், தமிழ் எழுத்தில். வலது பக்கம் அர்த்தம்.

முதல் சொல் "ஏஞ்சல்". தேவதை! புதுக் கம்பெனியில் தன் சொந்தப் பணத்தைப் போடும் தனி ஆளுக்கு இந்தப் பெயர். நியூயார்க் பிராட்வே நாடகங்களுக்குப் பணம் போட்டவர்களை இப்படி அழைத்தார்கள். அங்கிருந்து தொழிலுக்கு வந்த சொல் இது. "வெஞ்சர் கேப்பிடல்" என்றால் ஆளே வேறு. பிறரிடம் திரட்டிய பணத்தைக் கொண்டுவந்து போடுகிறவர்கள் அவர்கள். குறித்த காலத்தில் லாபத்தோடு திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதனால் அவசரமும் அதிகம்.

நம் நாட்டில் தேவதைக்கும் வரி இருந்தது! பங்கை நியாய மதிப்புக்கு மேல் விற்றால், அந்த அதிகப்படிப் பணத்துக்குக் கம்பெனி வரி கட்ட வேண்டும் என்று 2012-ல் சட்டம் வந்தது. "ஏஞ்சல் வரி" என்றே அதற்குப் பெயர் ஆகிவிட்டது. 2024 ஜூலை பட்ஜெட்டில்தான் அதற்கு முடிவு கட்டினார்கள்.

"யூனிகார்ன்" என்றால் ஒற்றைக் கொம்புக் குதிரை. 100 கோடி டாலர் மதிப்பை எட்டிய, பங்குச் சந்தைக்குப் போகாத கம்பெனி. அமெரிக்க முதலீட்டாளர் அய்லீன் லீ 2013-ல் சூட்டிய பெயர் இது.

"சீட் ரவுண்டு" என்ற சொல்லில் பெரியவர் ஏமாந்துபோனார். "ஏலச்சீட்டு பிடிக்கிறவராடா அந்த ஆளுன்னு கேட்டுட்டேன். பய விழுந்து விழுந்து சிரிக்கிறான். விதையாம்! விதை நெல்லு மாதிரி முதல் பணமாம்."

வெளியார் காசே வாங்காமல், வருமானத்தைக் கொண்டே வளர்வது "பூட்ஸ்டிராப்பிங்". 1996-ல் தொடங்கிய ஜோஹோ அப்படி வளர்ந்த கம்பெனி. அங்கே வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம் வெளியே வந்து 2010-ல் இதே சென்னையில் தொடங்கியது இன்றைய பிரஷ்வொர்க்ஸ். அது வெளியார் பணத்தில் வளர்ந்து, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கே போய்விட்டது.

இன்னும் 4 மாதம்

"பர்ன் ரேட்" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். வருமானம் போக, மாதாமாதம் கையிலிருந்து கரையும் பணம். மகன் கம்பெனியில் அது ஒன்றரை லட்சம். பாங்கியில் இருப்பது 6 லட்சம். ஆக 4 மாதம் தாங்கும். இந்த 4 மாதத்துக்குப் பெயர் "ரன்வே". விமானம் ஓடும் பாதை! அது முடிவதற்குள் மேலே கிளம்பிவிட வேண்டும்.

மணியார்டர் இல்லை!

காகிதத்தின் 2-வது பக்கத்தில் கம்பெனி மதிப்பு 4 கோடி என்று இருந்தது. அந்த வரியில் சின்னதாக ஒரு சொல்: "போஸ்ட்-மணி".

"போஸ்ட்மேன் கொண்டாந்து குடுக்கிற மணியார்டராடான்னு கேட்டேன். இவன் சிரிக்கலை. மூஞ்சி வெளுத்துப்போச்சு" என்கிறார் பெரியவர்.

விஷயம் இதுதான். "ப்ரீ" என்றால் பணம் வருவதற்கு முன்னாடி. "போஸ்ட்" என்றால் வந்த பின்னாடி. முன்னாடி 4 கோடி என்றால், வரும் ஒரு கோடியையும் சேர்த்து 5 கோடி. பணம் போட்டவருக்கு 20 சதவீதம். பின்னாடிதான் 4 கோடி என்றால், கம்பெனியின் இன்றைய மதிப்பு 3 கோடியே! பணம் போட்டவருக்கு 25 சதவீதம். இப்படித் தன் பங்கு கரைந்துபோவதற்கு "டைல்யூஷன்" என்று பெயர்.

டெலிபோனில் பேசியபோது "4 கோடி" என்றுதான் காதில் விழுந்தது. முன்னாடியா, பின்னாடியா என்று மகன் கேட்கவே இல்லை.

"பாலில் தண்ணி கலந்தா நமக்குத் தெரியும். இதில் தெரியலையே சார்" என்று மகனே ஒப்புக்கொள்கிறார்.

விற்றால் யாருக்கு?

அடுத்த வெடி 5-வது பக்கத்தில். "லிக்விடேஷன் பிரிபரன்ஸ்". கம்பெனியை விற்றால், பணம் போட்டவர் தன் முதலை முதலில் எடுத்துக்கொள்வார். அதோடு "பார்ட்டிசிபேட்டிங்" என்றும் சேர்த்திருந்தால், மிச்சத்திலும் அவருக்குப் பங்கு உண்டு.

பெரியவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். கம்பெனி ஒன்றரைக் கோடிக்கு விலைபோகிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் போட்டவருக்கு 20 சதவீதம் என்றால், இவர்கள் பக்கம் 80 சதவீதம், அதாவது ஒரு கோடியே 20 லட்சம் வரும் என்று மகன் நினைத்திருந்தார். அந்த ஒற்றைச் சொல் இருந்தால்? அவர் முதலில் ஒரு கோடி எடுப்பார். மிச்சம் 50 லட்சத்தில் 20 சதவீதம், 10 லட்சமும் எடுப்பார். இவர்களுக்கு 40 லட்சம்தான்! அந்தச் சொல் இல்லாவிட்டாலும் 50 லட்சத்துக்கு மேல் கிடைக்காது.

இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. பணம் போடுகிறவர் தன் முதலைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். இப்படி ஷரத்து போடுவது தொழிலில் வழக்கம்தான். எல்லாம் காகிதத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது, இங்கிலீஷில்.

நண்பனுக்கும் மகனுக்கும் "வெஸ்டிங்" என்று ஒரு ஷரத்து. 4 ஆண்டு இருந்தால்தான் தங்கள் பங்கு முழுதும் தங்களுடையது. முதல் ஆண்டுக்குள் விலகினால் ஒன்றும் இல்லை. அதற்குப் பெயர் "கிளிஃப்", மலை விளிம்பு. "ரெண்டு வருஷம் ராத்திரி பகலா இவனுங்க கட்டின கம்பெனி. அதை மறுபடி சம்பாதிக்கணுமா?" என்று பெரியவர் கொதிக்கிறார். ஏற்கெனவே உழைத்த காலத்தையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கலாம் என்று ஆடிட்டர் சொல்லியிருக்கிறாராம்.

கையெழுத்து ஆகவில்லை

நல்ல வேளை, வந்திருப்பது "டேர்ம் ஷீட்"தான். கையெழுத்துப் போட்டாலும் அதில் பெரும்பாலான ஷரத்துகள் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் ரகசியம் காப்பது, "நோ-ஷாப்" ஆகிய இரண்டும் வழக்கமாகக் கட்டுப்படுத்தும். "நோ-ஷாப்" என்றால் குறித்த நாட்களுக்கு வேறு யாரிடமும் பணம் கேட்டுப் போகக்கூடாது. கையில் 4 மாதம் மட்டும் இருக்கும்போது, அதில் 2 மாதம் இப்படிக் கட்டுண்டு கிடந்தால் என்ன ஆகும் என்று பெரியவர் கவலைப்படுகிறார்.

மகன் 3 கேள்விகளை எழுதி அனுப்பினார். முன்னாடியா, பின்னாடியா? "பார்ட்டிசிபேட்டிங்" என்ற சொல்லை எடுப்பீர்களா? உழைத்த 2 ஆண்டு கணக்கில் உண்டா?

நேரில் பேசலாம் என்று பதில் வந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை தரமணியில் சந்திப்பு. அப்பாவும் போகிறார்.

"நான் வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன். நோட்டு மட்டும் கையில இருக்கும்" என்றார். வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார்.