பழவேற்காட்டில் இருந்து கயாக்கில் கிளம்பணுமா? முதலில் கரையில் செய்ய வேண்டியவை

1932ல் ஜெர்மனியில் ஒரு எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் வேலை இல்லாமல் இருந்தார். பேர் ஆஸ்கர் ஸ்பெக். மடக்கி எடுத்துப் போகக்கூடிய ஒரு கயாக்கோட டான்யூப் ஆற்றில் இறங்கியவர், 1939ல் ஆஸ்திரேலியாவின் சாய்பாய் தீவில் கரையேறினார். வழியில் இலங்கையைத் தொட்டு, நம்ம கிழக்குக் கரையோரமாகத்தான் வடக்கே போனார். நம்ம காலத்தில், ஐஐடி டெல்லியில் படித்த கௌஸ்துப் காடே குஜராத்தில் இருந்து கன்னியாகுமரி வரை சுமார் 3,000 கி.மீ. துடுப்பு போட்டிருக்கிறார்.

அப்போ நம்மாலும் முடியுமா? முடியும். ஆனா கயாக் வாங்குறது தயாரிப்பில் சின்ன பகுதிதான். பழவேற்காட்டில் இருந்து மாமல்லபுரம், கடல் வழியாக சுமார் 90 கி.மீ., இதை உதாரணமா எடுத்துப் பார்ப்போம்.

எந்தப் பக்கம், எப்போ?

வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. கிட்டத்தட்ட 50 கி.மீ. கடற்கரை விண்வெளி மையத்தின் கட்டுப்பாட்டில் இருக்கு. களைச்சுப் போனாலும் அங்கே ஒதுங்க முடியாது. ராக்கெட் ஏவும் நாளில் மீனவர்களையே கடலுக்குப் போக வேண்டாம்னு சொல்லிடுவாங்க. தெற்கே போனா காட்டுப்பள்ளி, எண்ணூர் காமராஜர், சென்னைன்னு வரிசையா 3 துறைமுகம். பெரிய கப்பலில் இருந்து பார்த்தா கயாக் கண்ணுக்கே படாது. அதனால துறைமுகங்களிடம் முன்கூட்டியே தகவல் சொல்லி, கடக்கும் நேரத்தை முடிவு பண்ணணும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் தெற்கே போனா, வாடைக்காற்று முதுகுப் பக்கம் இருந்து தள்ளும். மார்ச்சுக்கு மேல தெற்கத்திக் காற்று முகத்துக்கு நேரா வரும்.

கணக்கு போடுங்க

சராசரி வேகம் மணிக்கு 5 கி.மீ. மதியத்துக்கு மேல கடல்காற்று ஏறி அலை குழம்பும். விடியும்போது இறங்கி 11 மணிக்குள் கரையேறினா, கிடைக்கிறது 5 மணி நேரம், அதாவது 25 கி.மீ. எதிர் நீரோட்டம் மணிக்கு 1 கி.மீ. இருந்தாலே அது 20 ஆகிடும். 4 நாள் பயணம் 5 நாள் ஆகும். தண்ணீர், சாப்பாடு, காலேஜ் லீவு எல்லாத்தையும் 5 நாளுக்குத்தான் திட்டமிடணும். குடிக்க மட்டும் ஒரு நாளைக்கு 4 லிட்டர் வேணும்.

முகத்துவாரம்

ஏரியில் பல இடத்தில் இடுப்பளவு தண்ணிதான். ஆபத்து, ஏரி கடலைத் தொடும் இடத்தில். வத்தத்தின்போது ஏரித் தண்ணி வெளியே ஓடும், கடல் அலை உள்ளே வரும். ரெண்டும் மோதும்போது மணல்திட்டு மேல அலை செங்குத்தா எழும்பி உடையும். அந்த நேரத்தில் வெளியே போகக் கூடாது. மணலும் இடம் மாறிக்கிட்டே இருக்கும். நேத்து இருந்த வழி கூகுள் மேப்பில் தெரியும், இன்னைக்கு இருக்கும் வழி லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் அண்ணன்களுக்குத்தான் தெரியும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தரும் அலை உயரம், காற்று முன்னறிவிப்பையும் பாருங்க, ரெண்டையும் சேர்த்து முடிவெடுங்க.

ஏரிக்குள்ள 'பாடு' முறை இருக்கு: எந்தக் குடும்பம் எங்கே, எந்த நாளில் வலை போடணும்னு ஊரே முறை வெச்சு ஒதுக்கும். நமக்கு அது வெறும் தண்ணி, அவங்களுக்கு அன்றைய சம்பளம். வலை எங்கே இருக்குன்னு கேட்டு, சுத்திப் போங்க.

எதை எடுத்துப் போகணும், எதை விடணும்

லைஃப் ஜாக்கெட் போட்டபடியேதான் இருக்கணும். 2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. கயாக் கவிழ்ந்தா தண்ணிக்குள்ள இருந்தே மறுபடி ஏறும் பயிற்சியை, அலை இருக்கும் இடத்தில், குறைஞ்சது 20 தடவை செய்துட்டு அப்புறம் கிளம்புங்க.

வெளிநாட்டு லிஸ்ட்களில் சாட்டிலைட் போன், இன்ரீச் மாதிரி கருவிகள் கட்டாயம்னு இருக்கும். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வெச்சிருந்தா வழக்கு வரும். தண்ணி புகாத கவரில் ரெண்டு சாதாரண போன், பவர் பேங்க், விசில், டார்ச் வெச்சுக்கங்க.

கிளம்பும் முன்

கடலோரக் காவல் நிலையத்திலும், ராத்திரி தங்கப்போகும் ஒவ்வொரு குப்பத்தின் ஊர் நிர்வாகத்திடமும் சொல்லிடுங்க. கரையில் ஒருத்தரிடம் உங்க திட்டத்தை எழுதிக் கொடுங்க: "மதியம் 12 மணிக்குள் நான் கூப்பிடலைன்னா 1554க்கு அடி." அது இந்தியக் கடலோரக் காவல் படையின் அவசர எண். கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸுக்கு 1093.

எல்லாம் முடிஞ்சு விடியற்காலையில் கயாக்கை மணலில் இழுக்கும்போது, வலை பிரிச்சிக்கிட்டு இருக்கும் ஒரு அண்ணன் கடலைப் பார்த்துட்டு "இன்னைக்கு வேணாம்பா"ன்னு சொன்னா, கயாக்கைத் திரும்ப மேலே ஏத்திடுங்க. 5 நாள் திட்டத்தில் அதுக்கும் ஒரு நாள் சேர்த்து 6ன்னு வெச்சுக்கங்க.