மேற்கோள் எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்: தசைச் சிதைவு நோய் ஆய்வு தரும் விளக்கம்

உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகளின் பட்டியல் ஆண்டுதோறும் வெளியாகும்போது, அதில் இடம்பெற்ற தங்கள் பேராசிரியர்களின் பெயர்களை இந்தியப் பல்கலைக்கழகங்கள் பெருமிதத்துடன் அறிவிக்கின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் தலைமையிலான குழு இப்பட்டியலைத் தயாரிக்கிறது. ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியுள்ளனர் என்பதே இதன் முக்கிய அடிப்படை.

இந்த எண்ணிக்கை ஓர் ஆய்வின் மதிப்பை எந்த அளவுக்குக் காட்டுகிறது? டுஷேன் தசைச் சிதைவு நோயின் காரணம் கண்டறியப்பட்ட வரலாறு இதைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

கணக்கிடும் முறை

ஓர் ஆய்வாளர் தமது கட்டுரையில் முந்தைய ஆய்வு ஒன்றைச் சான்றாகக் குறிப்பிட்டால், அந்த ஆய்வுக்கு ஒரு மேற்கோள் சேர்கிறது. ஒருவரின் மொத்தப் பணியை ஒரே எண்ணில் அளவிடும் 'எச் குறியீடு' என்ற முறையை, கலிஃபோர்னியா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-ஆம் ஆண்டு முன்வைத்தார். ஒருவருடைய 30 கட்டுரைகள் தலா 30 முறையேனும் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவரது குறியீடு 30.

இம்முறையில் ஒரு சிக்கல் உண்டு. ஐந்து கட்டுரைகளை மட்டுமே எழுதிய ஒருவருக்கு, ஒவ்வொன்றுக்கும் 1,000 மேற்கோள்கள் கிடைத்தாலும் அவரது குறியீடு 5-ஐத் தாண்டாது. மொத்த மேற்கோள்களில் அவர் 5,000 பெற்றிருக்க, 900 மட்டுமே பெற்ற மற்றவர் குறியீட்டில் ஆறு மடங்கு முன்னிலையில் இருப்பார். மேலும், புற்றுநோய் போன்ற பெரிய துறையில் எழுதுவோர் அதிகம் என்பதால் மேற்கோள்களும் அதிகம். அரிய தசை நோய்களை ஆராய்வோர் குறைவு. எனவே இரு துறைகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது பொருந்தாது.

காரணம் கண்டறியப்பட்ட கதை

டுஷேன் நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளைப் பாதிக்கிறது. சுமார் 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது ஏற்படுகிறது. மழலைப் பருவத்தில் அடிக்கடி விழுதல், படியேறச் சிரமப்படுதல் எனத் தொடங்கும் இந்நோயால், பதின்ம வயதின் தொடக்கத்தில் பலர் சக்கர நாற்காலியை நாட நேரிடுகிறது. பின்னர் இதயமும் சுவாசத் தசைகளும் பலவீனமடைகின்றன.

ஃபிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1860-களில் இந்நோயை விரிவாக விவரித்தார். ஆயினும் அதன் காரணம் தெரியவர ஒரு நூற்றாண்டுக்கும் மேலானது. பாஸ்டனில் லூயி குங்கெல் தலைமையிலான குழு 1986-இல் அதற்குரிய மரபணுவின் பகுதிகளைப் பிரித்தெடுத்தது. 1987 டிசம்பரில் எரிக் ஹாஃப்மன், ராபர்ட் பிரௌன், குங்கெல் ஆகியோர் 'செல்' ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, நோயாளிகளின் தசையில் இல்லாமற்போகும் புரதத்தை அடையாளம் கண்டு அதற்கு 'டிஸ்ட்ரோஃபின்' எனப் பெயரிட்டது. இத்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளுள் இதுவும் ஒன்று.

இந்த வெற்றிக்கு வழிவகுத்தவற்றுள் ஒரு சிறுவனின் மரபணு மாதிரியும் அடங்கும். எக்ஸ் குரோமோசோமின் ஒரு பகுதியையே இழந்திருந்த அச்சிறுவனின் மாதிரியைப் பிறரது மாதிரியுடன் ஒப்பிட்டே, நோய்க்குரிய மரபணு இருக்கும் இடத்தைக் குழு நெருங்கியது. நோயாளிகளின் இத்தகைய பங்களிப்பு எந்தக் குறியீட்டிலும் சேர்வதில்லை.

பிந்தி வந்த மதிப்பு

ஒரு கட்டுரையின் மதிப்பு அது வெளியான ஆண்டிலேயே தெரிந்துவிடும் என்பதும் இல்லை. 1984-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள், இரத்தத்தில் ஒரு நொதியின் அளவு மிகுந்திருந்த எலிகளைத் தற்செயலாகக் கண்டு, அவற்றுக்குத் தசை நோய் இருப்பதாக எழுதினர். அந்த எலிகளில் இல்லாதது டிஸ்ட்ரோஃபின்தான் என்பது மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தது. இன்று 'எம்டிஎக்ஸ்' எனப்படும் அவ்வகை எலிகள் உலகெங்கும் டுஷேன் ஆய்வகங்களில் பயன்படுகின்றன.

1988-இல் குங்கெல் குழு வெளியிட்ட மற்றொரு கட்டுரை, ஒரே மரபணுவில் ஏற்படும் இழப்பு சிலருக்குக் கடுமையான டுஷேன் நோயையும், சிலருக்கு மிதமான பெக்கர் நோயையும் தருவது ஏன் என விளக்கியது. மரபணுச் செய்தி மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுகிறது. இழப்புக்குப் பின்னும் அந்த வரிசை குலையாதிருந்தால், குட்டையான ஆனால் ஓரளவு செயல்படும் புரதம் உருவாகும்; குலைந்தால் புரதமே உருவாகாது.

இந்தக் கருத்தே, பழுதுற்ற பகுதியைத் தாண்டிப் படிக்கச் செய்யும் மருந்துகளுக்கு அடித்தளமானது. அவ்வகையில் முதலாவதான எட்டெப்ளிர்சென் மருந்துக்கு அமெரிக்கா 2016-இல் விரைவு அனுமதி வழங்கியது. கட்டுரைக்கும் மருந்துக்கும் இடையே 28 ஆண்டுகள். அம்மருந்தும் சுமார் 13 சதவீத நோயாளிகளுக்கே பொருந்தும்.

மேற்கோள் வேறு, மருந்து வேறு

பிரிட்டன் விஞ்ஞானி கே டேவிஸ் குழு 1989-இல் அறிவித்த கண்டுபிடிப்பு, பின்னர் 'யூட்ரோஃபின்' எனப் பெயர் பெற்ற புரதத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. டிஸ்ட்ரோஃபினுக்கு ஈடாக அது செயல்படக்கூடும் என்ற நம்பிக்கையில் பல ஆய்வுகள் எழுந்தன. ஆனால் அதன் அடிப்படையில் உருவான எசுட்ரோமிட் மருந்து, 2018-இல் நோயாளிகளிடம் நடந்த சோதனையில் பலனளிக்காததால் கைவிடப்பட்டது. அறிவியல் புரிதல் என்ற அளவில் அந்த ஆய்வு இன்றும் மதிக்கப்படுகிறது. காத்திருந்த குடும்பங்களுக்கோ அது மருந்தாக வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்த சிகிச்சைகளும் எளிதில் எட்டுவதில்லை. 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுஷேன் மரபணு சிகிச்சையின் விலை 32 லட்சம் டாலர்; அப்போதைய மதிப்பில் 26 கோடி ரூபாய்க்கு மேல். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை டுஷேன் நோயையும் உள்ளடக்குகிறது. அதன்கீழ் சிறப்பு மையங்களில் ஒரு நோயாளிக்கு வழங்கப்படும் உதவியின் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய்.

எண்ணுக்கு அப்பால்

நியமனம், பதவி உயர்வு, நிதி ஒதுக்கீடு ஆகியவற்றில் ஆய்விதழின் தரக் குறியீட்டை மட்டும் நம்பாமல் ஆய்வின் உள்ளடக்கத்தையே மதிப்பிட வேண்டும் என, 2013-இல் வெளியான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் வலியுறுத்துகிறது.

மேற்கோள் எண்ணிக்கை பயனற்றதல்ல. ஓர் ஆய்வைச் சக ஆய்வாளர்கள் எவ்வளவு பயன்படுத்தினர் என்பதை அது காட்டுகிறது. அந்த ஆய்வால் ஒரு சிறுவன் கூடுதலாகச் சில ஆண்டுகள் நடந்தானா என்பதை அறிய, மருத்துவச் சோதனைகளின் முடிவுகளையும் நோயாளிகளின் நிலையையும் தனியே பார்க்க வேண்டியுள்ளது.