வருண லிங்கம் எத்தனையாவது? கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் எட்டு லிங்கங்கள்: இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியன். வருண லிங்கம் எத்தனையாவது? நீங்கள் நடந்துபோய் எண்ணுவீர்கள். பல கணினி மொழிகளிலும் அப்படித்தான்: "இதைப் பார், இல்லையா, அடுத்ததற்குப் போ" என்று ஒவ்வொரு அடியையும் சொல்லித்தர வேண்டும்.

கென்னத் ஐவர்சன் 1962-இல் நூலாக வெளியிட்ட குறியீட்டிலிருந்து பிறந்த ஏபிஎல் மொழி முழு வரிசையையும் ஒரே பொருளாகக் கையில் எடுக்கிறது.

எப்படி? "இது வருணனா?" என்று எட்டு இடத்திலும் ஒருசேரக் கேளுங்கள். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0.

0 0 0 0 1 0 0 0

இதன் கீழே 1 முதல் 8 வரை எழுதி, 1 விழுந்த இடத்து எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது 5. இந்த முறையின் அழகே இந்த 0-1 வரிசைதான். ஒரே பெயர் மூன்று இடத்தில் இருந்தாலும் மூன்றும் தப்பாமல் சிக்கும்.

முதல் இடம் மட்டும் போதுமா? அதற்கு ஐயோட்டா என்ற ஒற்றைக் கிரேக்க எழுத்தே கட்டளை. "வாயு, எமன்" என்று சேர்த்துக் கேட்டால், 6 3 என்று சேர்த்தே பதில் வரும்.

வரிசையில் இல்லாத பெயரைக் கேட்டால்? 9 என்று வரும். நீளத்தைவிட ஒன்று கூடுதல். அதாவது, எட்டிலும் இல்லை.