எஞ்சினுட் புகும் கணக்கில்லாக் காற்று

பெற்றோல் ஒரு பங்கு முற்றாக எரிதற்கு, நிறையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று இதனின் மிகுமாயின் கலவை மெலியும், எஞ்சின் நடுங்கும், மிதியை அழுத்துங்கால் தயங்கும்.

உட்செல்லும் காற்றை உணரியொன்று அளக்கும் வண்டிகளில், அதற்கு அப்பால் வெடித்த றப்பர்க் குழாய் வழியே புகுங் காற்று கணக்கிற் சேராது. கழிவுப்புகையில் எஞ்சிய ஒட்சிசனைக் கண்டபின்னரே கணினி பெற்றோலைக் கூட்டிச் சரிக்கட்ட முயலும். வாசிப்புக் கருவி காட்டும் அக்கூட்டல் வீதமே பழுது தேடுவார்க்குச் சிறந்த சான்று. வண்டி நின்றபடி எஞ்சின் ஓடுகையில் அது மிகுந்து, சுழற்சி ஏற ஏறக் குறையுமாயின், காற்றுக் கசிவையே முதலில் ஐயுறல் வேண்டும். ஏனெனில், காற்றுக்கதவு மூடிய நிலையில் உள்ளமுக்கம் மிகக் குறைவு. கசிவு வலிந்து உறிஞ்சப்படும். உட்செல்லும் சிறிதளவு காற்றில் அதன் பங்கும் பெரிது. மாறாக, சுமையேறும்போது வீதம் கூடுமாயின் பெற்றோல் பம்பியையோ, வடியையோ, அழுக்கேறிய உணரியையோ நோக்குக. இவ்வேறுபாட்டை ஆராயாது ஒட்சிசன் உணரியை மாற்றுவோர் பலர், வீண் செலவே.

உள்வழியிற் புகை செலுத்தின் கசிவிடம் தானே வெளிப்படும். சூடேறிய எஞ்சின்மீது எரிதிரவந் தெளித்துப் பார்க்கும் வழக்கம் தீ விபத்துக்கு இடமாகும். குழாயை மாற்றியபின் வீதம் பூச்சியத்தை அண்மியதா என மீண்டும் நோக்குதல் வேண்டும்.