பையன் இளைத்தால் நாடி பிடித்துப் பாருங்கள்

ஒரு டீக்குள் முடிகிற பேச்சில்லை இது; இன்னொன்று சொல்லிக்கொள்வோம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் காலையில் ஓடுகிற பையன்களில் ஒருவன், சோற்றைத் தொடாமல் மூன்றே மாதத்தில் பன்னிரண்டு கிலோ இறங்கினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "என்ன கன்ட்ரோல் பாருங்க சார்!" பெண் பிள்ளை என்றால் மாதவிலக்கு நின்றதுமே அம்மா டாக்டரிடம் அழைத்துப் போயிருப்பார். பையனுக்கு டெஸ்டோஸ்டிரோன் சரியும், விடியற்கால விறைப்பு நின்றுபோகும். எந்தப் பையன் அதை வாய்விட்டுச் சொல்வான்?

மருத்துவ உலகமும் இதில் தாமதம்தான். சாப்பாட்டை ஒதுக்கி உடம்பை உருக்கும் அனோரெக்சியா நோயைப் பற்றி 1689இல் எழுதிய மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் காட்டிய இருவரில் ஒருவன் 16 வயதுப் பையன். ஆனாலும் மாதவிலக்கு நிற்பதை அதன் அடையாளமாக வைத்திருந்த அமெரிக்க மனநலக் கையேடு, அந்த அடையாளத்தை 2013இல்தான் நீக்கியது.

வரவு குறைந்தால் உடம்பு செலவைச் சுருக்கும். இதயம் மெதுவாகும், ரத்த அழுத்தம் இறங்கும், சென்னை மே மாதத்திலும் விரல்கள் சில்லென்றிருக்கும். எலும்பு உறுதியாகிற வயதில் இப்படி நடந்தால் அந்த இழப்பு முழுசாகத் திரும்பாமலே போகலாம். மனசும் தப்பாது. 1944-45இல் மினசோட்டாவில் ஆய்வாளர் ஆன்செல் கீஸ், ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்தார். அவர்களில் சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள்!

"ஓடுற பையன், நாடி மெதுவாத்தான் இருக்கும்" என்பார்கள். பாதி உண்மை. பயிற்சியால் மெதுவானவனுக்கு எழுந்து நின்றால் கண் இருட்டாது. பட்டினியால் மெதுவானவனுக்குப் படுத்திருக்கும்போது 45 இருந்த நாடி, நின்றதும் 80க்குத் தாவும். இளைத்த பையனுக்குப் பகலிலேயே 50க்குக் கீழே என்றால் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும்.

எடை மெஷினை நம்பாதீர்கள். குண்டாக இருந்து வேகமாக இளைத்தவன் பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருப்பான். தின்றுவிட்டு வாந்தி எடுப்பவனுக்கு எடை மாறாமலே பொட்டாசியம் இறங்கி, இதயத் துடிப்பு தாறுமாறாகும். பல்லின் உட்புறம் அரித்திருப்பதைப் பல் டாக்டர்தான் முதலில் கவனிப்பார். ஜிம் பையனின் கதை வேறு: எவ்வளவு ஊதினாலும் தான் ஒல்லி என்றே நினைப்பான். ஸ்டீராய்டு ஊசிக்குப் போனால் விதை சுருங்கும், இதயத் தசை கெடும்.

பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மல்யுத்த வீரர் அமன் ஷெராவத் ஓரிரவில் 4.6 கிலோ குறைத்ததை நாம் கைதட்டிக் கொண்டாடினோம். 1997இல் அமெரிக்காவில் எடை குறைக்கும்போதே மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்ததை யாரும் பேசுவதில்லை.

பயந்துபோய் இன்றைக்கே பிரியாணி வாங்கித் திணிக்கவும் கூடாது. நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று மாவுச்சத்து ஏறினால் இன்சுலின் எழும், ரத்தத்திலுள்ள பாஸ்பேட் செல்களுக்குள் போய்விடும். இதயமும் மூச்சும் தடுமாறும். முதலில் இ.சி.ஜி., பொட்டாசியம், பாஸ்பேட். அப்புறம் டாக்டர் கண்காணிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. கூடவே மனநல மருத்துவர். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416.