கேட்காத தகவல் கசியாது

இணையத்தளம் ஒன்றைத் திறந்ததும் திரையின் அடியில் ஒரு பட்டை எழுகிறது. ‘நாங்கள் குக்கீகளைப் பயன்படுத்துகிறோம்’ என்கிறது. நம்மில் பெரும்பாலோர் ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்திவிட்டு வந்த வேலையைப் பார்க்கிறோம். துணைப்பாட வகுப்பில் சேரவோ ஓட்டப்போட்டிக்குப் பதிவுசெய்யவோ ஒரு படிவம் வந்தால், அதிலுள்ள கட்டங்களையெல்லாம் கேள்வி கேட்காமல் நிரப்பிவிடுகிறோம்.

அந்தப் பொத்தானுக்கும் கட்டங்களுக்கும் மறுபக்கத்தில் என்ன நடக்கிறது? பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, வேலைப்பயிற்சிக்காகச் சென்ற சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் அதைப் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. மற்ற வர்த்தகங்களுக்கு இணையத்தளங்களும் செயலிகளும் செய்து தருவது அந்த நிறுவனத்தின் தொழில். அங்கு வேலை செய்தவர்கள் 20 பேருக்கும் குறைவு.

நான்கு கேள்விகள்

முதல் வாரமே நிரல் எழுதச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். கிடைத்தது ஓர் எக்செல் அட்டவணை. நிறுவனம் பராமரிக்கும் ஒவ்வொரு தளத்திலும் என்னென்ன தனிநபர் தகவல்கள் சேர்கின்றன என்று நான் பட்டியலிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள். என்ன தகவல்? எதற்காக? யாரெல்லாம் பார்க்கலாம்? எப்போது அழிக்கப்படும்?

முதல் மூன்று கேள்விகளுக்கு ஏதாவது ஒரு பதில் கிடைத்தது. நான்காவதற்குப் பல வரிகளில் பதிலே இல்லை. முடிந்துபோன நிகழ்ச்சிகளுக்குப் பதிவுசெய்தவர்களின் கைப்பேசி எண்களும் முகவரிகளும் அப்படியே கிடந்தன. ஏன் என்று கேட்டால் ‘பிறகு உதவும்’ என்பதே பதில்.

சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பதிலை ஏற்பதில்லை. 2012ல் இயற்றப்பட்ட இச்சட்டத்தின் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2ஆம் தேதி நடப்புக்கு வந்தன. எந்த நோக்கத்துக்காகத் தகவல் வாங்கப்பட்டதோ அது முடிந்து, சட்டத்துக்காகவோ வர்த்தகத்துக்காகவோ அதை வைத்திருக்கும் தேவையும் இல்லையென்றால், நிறுவனம் அதை வைத்திருக்கக்கூடாது.

அழிப்பதும் நாம் நினைப்பதுபோல் ஒரு பொத்தானை அழுத்தும் வேலையன்று. தரவுத்தளத்தில் அழித்தாலும் காப்பு நகல்களில் அந்தப் பெயர் இருக்கும். யாரோ ஒருவர் பதிவிறக்கி மின்னஞ்சலில் அனுப்பிய கோப்பில் இருக்கும். சோதனைக்கென ஒரு மடிக்கணினியில் எடுத்து வைத்த நகலிலும் இருக்கலாம். அதனால்தான் சோதனைக்கு உண்மையான வாடிக்கையாளர்களின் தகவல்களைத் தொடாமல் கற்பனைப் பெயர்களை உருவாக்கிப் பயன்படுத்த வேண்டும் என்பது அந்த அலுவலகத்தில் கண்டிப்பான விதியாக இருந்தது.

அடையாள அட்டை எண் எதற்கு?

நான் இருந்த காலத்தில் துணைப்பாட நிலையம் ஒன்று புதிய பதிவுத் தளம் கேட்டு வந்தது. மாணவரின் பெயர், பள்ளி, பெற்றோரின் தொடர்பு எண் ஆகியவற்றுடன் அடையாள அட்டை எண்ணும் படிவத்தில் வேண்டும் என்றார்கள்.

எதற்காக என்று எங்கள் குழுத் தலைவி கேட்டார். ஒரே பெயரில் இரண்டு மாணவர்கள் இருந்தால் குழப்பம் வரும் என்பது பதில். அப்படியானால் ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு எண்ணைத் தளமே கொடுத்துவிடும் என்றார் அவர். காகிதப் படிவத்தில் எப்போதும் இருந்த கட்டமாயிற்றே என்று அவர்கள் தயங்கினார்கள். இரண்டு கூட்டங்களுக்குப் பிறகுதான் அந்தக் கட்டம் நீங்கியது.

ஒரு கட்டத்துக்கு ஏன் இவ்வளவு வாதம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. காரணம் உண்டு. 2019 செப்டம்பர் 1ஆம் தேதி முதல், சட்டம் கோரினால் அல்லது ஒருவர் இன்னார்தான் என்பதை மிகத் துல்லியமாக உறுதிசெய்யும் தேவை இருந்தால் மட்டுமே நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் கேட்கலாம் என்று தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி நெறிமுறைகள் கூறுகின்றன. ஒரே பெயர் என்ற குழப்பத்தைத் தீர்ப்பது அந்த வகையில் சேராது.

கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். அடையாள அட்டை எண்ணை அப்படி மாற்றிக்கொள்ள முடியாது. உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒருவரின் எண்ணில் முதல் இரண்டு இலக்கங்களே அவர் பிறந்த ஆண்டைச் சொல்லிவிடும். 13 வயதில் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்த எண் 60 வயதிலும் அதே எண்தான்.

2024 டிசம்பரில் பிஸ்ஃபைல் தளத்தின் தேடல் பகுதியில் பலரின் முழு அடையாள அட்டை எண்களும் தெரிந்தது பெரும் விவாதமானது. அடையாள அட்டை எண்ணைக் கடவுச்சொல்போல் பயன்படுத்துவதை நிறுவனங்கள் நிறுத்த வேண்டும் என்று அதன் பிறகு அதிகாரிகள் வலியுறுத்தினார்கள். ஓர் எண்ணைப் பத்து இடங்களில் கொடுத்து வைத்திருக்கும்போது, அது ரகசியம் என்று நம்பிக் கதவைத் திறந்துவிடுவது ஆபத்து.

குக்கீ என்பது என்ன?

அட்டவணையின் அடுத்த பகுதி குக்கீகள். இணையத்தளத்துக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குச் சென்றால், வந்தவர் அதே ஆள்தான் என்று அதற்குத் தெரியாது. இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக 1994ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மொன்டுல்லி கண்ட வழிதான் குக்கீ. தளம் ஒரு சிறிய எழுத்துத் துண்டை நம் உலாவியிடம் கொடுக்கிறது. அடுத்த முறை உலாவி அதைத் திருப்பிக் காட்டுகிறது. பொருள் சேமிப்புக் கூடத்தில் தரும் சீட்டைப்போல. இணையக் கடையில் கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்திலும் கூடையில் இருப்பது இதனால்தான்.

தகராறு மூன்றாம் தரப்புக் குக்கீயில் தொடங்குகிறது. பூப்பந்துக் காலணி விற்கும் தளத்தைப் பார்க்கிறீர்கள். அந்தப் பக்கத்துக்குள் விளம்பர நிறுவனம் ஒன்றின் சிறு துணுக்கும் இருக்கிறது. அதை வரவழைக்கும்போது அந்த விளம்பர நிறுவனமும் உங்கள் உலாவியில் தன் சீட்டை வைத்துவிடுகிறது. பிறகு நீங்கள் ஒரு செய்தித் தளத்துக்குப் போனால், அங்கும் அதே நிறுவனத்தின் துணுக்கு. உலாவி பழைய சீட்டைக் காட்டுகிறது. ‘காலணி பார்த்தவர் வந்திருக்கிறார்’ என்று அது தெரிந்துகொள்கிறது. ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 முதல் இத்தகைய குக்கீகளை முழுமையாகத் தடுக்கிறது. குரோமில் தடுக்க வேண்டுமானால் அமைப்புப் பகுதிக்குச் சென்று நாமே மாற்ற வேண்டும்.

நான் பட்டியலிட்ட தளங்களில் உள்நுழைவதற்கும் மொழியைத் தேர்ந்தெடுப்பதற்கும் தேவையான குக்கீகள் சில இருந்தன. அவை இல்லாமல் தளம் இயங்காது. ஆனால் ஒரு தளத்தில் பழைய விளம்பர இயக்கத்துக்காகச் சேர்த்த கண்காணிப்பு நிரலும் இருந்தது. இயக்கம் எப்போதோ முடிந்துவிட்டது. நிரலை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் நினைவில்லை. வந்து போனவர்களைப் பற்றிய தகவல் இன்னொரு நிறுவனத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. அந்தத் தகவலால் தளத்தின் உரிமையாளருக்கு ஒரு காசுகூடப் பயனில்லை. நிரலை நீக்கப் பத்து நிமிடம் ஆனது.

ஒப்புதல் கேட்கும் விதத்திலும் நியாயம் வேண்டும். 2022 ஜனவரியில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகலுக்கு 150 மில்லியன் யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோவும் அபராதம் விதித்ததாக அறிவித்தது. குக்கீயை ஏற்க ஒரு சொடுக்குப் போதும், மறுக்கப் பல சொடுக்குகள் தேவை என்பதே குற்றச்சாட்டு. சிங்கப்பூர் ஆணையத்தின் விளக்கமும் கவனிக்கத்தக்கது. பயனர் தம் உலாவியின் அமைப்பை மாற்றாமல் விட்டுவிட்டார் என்பதாலேயே எல்லாத் தளங்களும் தம் தகவலைச் சேகரிக்க அவர் சம்மதித்துவிட்டதாகப் பொருளாகாது.

ஒரு சிறு மாற்றம், 21,541 பேர்

தகவல் கசிவு என்றதும் இருட்டறையில் அமர்ந்திருக்கும் ஊடுருவிதான் நம் நினைவுக்கு வருகிறார். எல்லா நேரமும் அப்படியன்று. எங்கள் குழுவில் அடிக்கடி பேசப்பட்ட ஒரு வழக்கு இது.

2019 ஆகஸ்ட் 30ஆம் தேதி கிராப் நிறுவனம் தன் செயலியைப் புதுப்பித்தது. ஒரு பாதுகாப்புக் குறையைச் சரிசெய்வதே நோக்கம். அதற்காக, செயலி சர்வரிடம் தகவல் கேட்கும் முகவரியிலிருந்து ஓட்டுநரின் அடையாள எண்ணை நீக்கினார்கள். ஆனால் சர்வரின் சுமையைக் குறைக்க இன்னோர் ஏற்பாடும் இருந்தது. ஒரே கேள்வி மீண்டும் வந்தால், சற்றுமுன் கொடுத்த பதிலையே அது எடுத்துக் கொடுத்துவிடும். அடையாள எண் நீங்கியதால் எல்லா ஓட்டுநர்களின் கேள்வியும் அதற்கு ஒன்றுபோலத் தெரிந்தது. ஒருவரின் தகவல் இன்னொருவருக்குப் போனது.

நிறுவனம் சுமார் 40 நிமிடங்களில் பழைய பதிப்புக்குத் திரும்பியது. ஆனாலும் 21,541 கிராப்ஹிட்ச் ஓட்டுநர்கள், பயணிகளின் தகவல்கள் பிறர் பார்க்கக்கூடிய நிலைக்கு உள்ளாகியிருந்தன. மாற்றத்தை வெளியிடுமுன் போதுமான அளவு சோதிக்கவில்லை என்று ஆணையம் கண்டது. 2020ல் 10,000 வெள்ளி அபராதம் விதித்தது. அந்த நிறுவனம் இச்சட்டத்தை மீறியது அது நான்காவது முறை.

அதன் பிறகு விதிகள் கடுமையாகியுள்ளன. 2021 பிப்ரவரி முதல், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைப் பாதிக்கும் கசிவை, அல்லது பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவை, மதிப்பிட்ட மூன்று நாள்களுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2022 அக்டோபர் முதல், உள்நாட்டு ஆண்டு வருவாய் 10 மில்லியன் வெள்ளியைத் தாண்டும் நிறுவனத்துக்கு, அந்த வருவாயில் 10 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம்.

ஆனால் அபராதம் வருவது கசிவுக்குப் பிறகு. கசிவுக்கு முன்பே ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. இந்தக் கட்டம் படிவத்தில் வேண்டுமா, இந்த நிரல் தளத்தில் இருக்க வேண்டுமா என்று ஒரு மேசையில் அமர்ந்து சிலர் தீர்மானிக்கிறார்கள். பூட்டு எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் உடைபடலாம். வாங்காத தகவலை மட்டும் யாராலும் திருட முடியாது.

கேட்கும் உரிமை

கணினித் துறையில் படிப்போர் சில ஆண்டுகளில் அந்த மேசையில் அமர்வார்கள். மற்றவர்களுக்கும் ஒரு வழி உண்டு. சிங்கப்பூரில் ஒவ்வொரு நிறுவனமும் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் விவரத்தை வெளியிட வேண்டும். தளத்தின் அடியில் உள்ள தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் பெரும்பாலும் அது இருக்கும்.

அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். ‘என்னைப் பற்றி உங்களிடம் என்னென்ன தகவல்கள் உள்ளன? கடந்த ஓராண்டில் அவற்றை எப்படிப் பயன்படுத்தினீர்கள்?’ என்று கேட்கலாம். சில விதிவிலக்குகள் தவிர, பதில் சொல்வது நிறுவனத்தின் கடமை. 30 நாள்களுக்குள் முடியாவிட்டால், எப்போது பதில் தரும் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். நியாயமான கட்டணம் கேட்கலாம். தவறான தகவலைத் திருத்தச் சொல்லவும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் நமக்கு உரிமை உண்டு.

வேலைப்பயிற்சியின் கடைசி மாதத்தில் அப்படி ஒரு மின்னஞ்சல் எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. அனுப்பியவர் எப்போதோ ஒரு பயிலரங்குக்குப் பதிவுசெய்திருந்தார். அட்டவணை தயாராக இருந்ததால் அவருக்கு அன்று மாலையே பதில் போனது. அந்த ஒரு கேள்வியால், அதே பயிலரங்குக்குப் பதிவுசெய்த மற்றவர்களின் தகவல்களையும் வைத்திருக்கும் தேவை முடிந்துவிட்டது தெரியவந்தது. அந்த வாரமே எல்லாவற்றையும் அழித்தோம்.