காவுகிறவருக்கே ஏரி

ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரக் கார் ஓட்டம் அல்கொங்குவின் பூங்கா. 1893இல் ஒன்ராறியோ அரசு ஒதுக்கிய காடு. பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். எங்கட ஆட்கள் மேப்பிள் இலை சிவக்கும் காலத்தில் 60ஆம் நெடுஞ்சாலையில் போய், நாலு படம் எடுத்து, கட்டிக்கொண்டுபோன சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுத் திரும்பிவிடுவார்கள். அமைதி வேண்டுமென்றால் துடுப்புப் பிடிக்க வேண்டும்.

தொடக்கம் பெரும்பாலும் கனூ ஏரி. ஓவியர் டொம் தொம்சன் 1917இல் இறந்தது இங்கேதான். கோடையில் இந்த ஏரி கலகலவென்று இருக்கும். அடுத்த ஏரிக்குப் போக இடையில் சுமார் 300 மீட்டர் தரை. கனூவையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு நடக்கும் இந்தப் பாதைக்குப் பெயர் போர்ட்டேஜ். என் மருமகனின் முதற்கேள்வியே, "மாமா, இதை ஆர் காவுறது?"

கனூவைத் தொடைமேல் ஏற்றி, ஒரே மூச்சில் தலைக்கு மேல் கவிழ்த்து, குறுக்குக் கட்டையைத் தோளில் பொருத்த வேண்டும். தலை உள்ளே போய்விடும். தெரிவது காலடி மண் மட்டும். இரண்டு கையும் படகில். காதருகே நுளம்பு பாடினாலும் அடிக்க வழியில்லை.

இந்தச் சிரமம்தான் ஏரிகளின் காவல். வரைபடத்தில் ஒவ்வொரு போர்ட்டேஜின் நீளமும் மீட்டரில் இருக்கும். அது ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் கூட்டம் கரைந்துவிடும். மிச்சக் காவலைச் சட்டம் பார்க்கிறது: எந்த இரவு எந்த ஏரியில் என்று முன்பதிவு, ஒரு முகாமிடத்தில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது, தகர டின்னுக்கும் கண்ணாடிப் போத்தலுக்கும் தடை. ஆகவே டின் மீனை மறந்துவிட்டு அரிசி, பருப்பு, வறுத்த மா கொண்டுபோங்கள். கரடி மோப்பம் பிடிக்கும் என்பதால், இரவில் சாப்பாட்டுப் பையைக் கூடாரத்துக்குத் தள்ளி மரத்தில் உயரக் கட்டித் தொங்கவிட வேண்டும்.

இருட்டியதும் லூன் பறவை ஊளையிடும். 1987 முதல் ஒரு டொலர் நாணயத்தில் இருப்பது இதுதான். முதல் இரவு மருமகன் அதை ஓநாய் என்றே அடித்துச் சொன்னான்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் செப்டம்பர் நல்லது. பூச்சித் தொல்லை அடங்கியிருக்கும். மத்தியானக் காற்று எழும்பும் முன் அகன்ற ஏரியைக் கடந்துவிடுங்கள். உயிர்காப்பு அங்கியைக் கழற்ற வேண்டாம். உள்ளே பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது. போகும் பாதையையும் திரும்பும் நாளையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.